கல்யாணப் படத்தில் நின்ற மாமனார்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா எங்கள் கல்யாண ஆல்பத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். பிறகு மலாயில் கேட்டார்: "கல்யாணம் மாமல்லபுரத்துக் கடற்கரையில் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னால் பனிமலை இருக்கிறதே?"

அது ஸ்டூடியோக்காரர் சேர்த்த பின்னணி, தமிழ்நாட்டில் அப்படித்தான் வழக்கம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த பக்கத்தில் விரலை வைத்தார். "இவர் யார்?"

"என் மாமனார்."

"மனைவியின் தந்தை இறந்துவிட்டார் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். கல்யாணத்துக்குப் பல வருடம் முந்தைய சான்றிதழ். இவரும் பின்னணியா?"

ஆமாம், அவரும் பின்னணிதான். என் மாமனாரை நான் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் படத்தில் பட்டுச்சட்டையும் தங்கக் கைக்கடிகாரமுமாக எங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார். என் மாமியார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆல்பம் கூரியரில் மலேசியாவுக்கு, ஈப்போவில் என் வீட்டுக்கு வந்த அன்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டவன் நான். அதையே மனைவிக்கு விசா கேட்டுக் குடிநுழைவு அலுவலகத்தில் சாட்சியாக நீட்டினால் என்ன ஆகும் என்று கொஞ்சமும் யோசிக்கவில்லை. படங்கள் வேண்டும் என்றார்கள், இருப்பதிலேயே அழகானதைக் கொடுத்தேன்.

அதிகாரியம்மா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "படத்தில் ஓர் ஆள் பொய் என்றால், கல்யாணமே பொய்யோ என்று நான் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். கைவைக்காத மூலப்படம் வேண்டும். படத்தில் இருப்பவர் இறந்தவர் என்று மனைவியின் தாயார் சத்தியம் செய்து கையெழுத்திட்ட தாள் வேண்டும். மறுபடியும் ஏதாவது இடறினால் கோப்பை மூடிவிடுவார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ரேவதிக்கும் எனக்கும் கல்யாணமாகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. அதில் சேர்ந்து வாழ்ந்தது சில வாரங்கள். கிடைத்த விடுப்பை எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குக் கிளம்பினேன்.

ரேவதியை நான் சந்தித்ததே ஒரு முருகனால்தான். எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கல்லில் முருகன் செய்ய மாமல்லபுரம் சிற்பக்கூடம் ஒன்றுக்குக் கமிட்டி என்னை அனுப்பியது. அங்கே வெளிநாட்டுக்குச் சிலை அனுப்புகிற பேப்பர் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். மயிலும் வேலுமாக அந்த முருகனை அவள் எந்தச் சிக்கலும் இல்லாமல் கப்பலேற்றி ஈப்போவுக்கு அனுப்பிவிட்டாள். அவளைக் கூட்டிப்போகத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

வழி இல்லாமல் இல்லை, வழிகள் அதிகம் என்பதுதான் என் குழப்பம். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர், மனைவியை முதலில் சுற்றுலாவாக அழைத்துப்போய் அங்கே வைத்து மாற்றிக்கொள்வதுதான் சுலபம் என்றார். அப்படிச் செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார் அதற்கு அடுத்த இருக்கையில் இருந்தவர். தூதரகத்தில் கல்யாணத்தை மறுபடி பதிந்தாயா என்று ஒருவர், பதிந்தது கெடுவுக்குள்ளேதானா என்று இன்னொருவர். எல்லோரும் அவரவர் மச்சானுக்கோ தங்கைக்கோ நடந்ததைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கவில்லை. தரையிறங்கும்போது கிளம்பியதைவிடக் கூடுதலாகக் குழம்பியிருந்தேன்.

கடற்கரைச் சாலையில் இறங்கிக் குப்பத்துக்குள் நடந்தபோது மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வாசலில் வலையில் காயவைத்த நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. இன்னா இப்டி எளச்சிப் பூட்டீங்க. அங்க சோறு கீறு துண்றதில்லியா?"

"பசியாறிட்டுத்தான் வந்தேன் அத்தை."

"பசியாற்றதுன்னா இன்னான்னு இந்தப் பொண்ணு சொல்லிக் குட்த்திருக்குது. நாஸ்தா. இட்லி கீது, வந்து துண்ணுங்க."

இட்லியும் முதல்நாள் வைத்த சங்கரா மீன் குழம்பும். ஈப்போவில் காலையில் நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுப் பழகிய எனக்கு, பழைய மீன் குழம்பில் இட்லியை முக்கிச் சாப்பிடுவது முதல் தடவை வந்தபோது அதிர்ச்சியாக இருந்தது. இப்போது விமானம் ஏறும்போதே அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். ரேவதி எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

சுவரில் அதே படம், பெரிதாக, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அத்தை பார்த்தார். ஒரிஜினல் போட்டோ வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"இந்தப் போட்டோவுக்கு இன்னா கொறச்சல்? எவ்ளோ லட்சணமா கீறாரு பாருங்க. அவர எட்த்துட சொல்றாங்களா?"

"எடுக்கச் சொல்லல அத்தை. எடுக்காத படம் ஒண்ணு, சேக்காத படம் ஒண்ணு..." எனக்கே புரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

மாமனார், ரேவதி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, மீன் பிடிக்கப் படகில் போனவர். படகு சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. வருடங்கள் கழித்து அரசாங்கம் கொடுத்த காகிதங்களில் அத்தை கையெழுத்து போட்டிருக்கிறார். ஆனால் அவர் வாயிலிருந்து 'இறந்துவிட்டார்' என்று குப்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை. 'கடலுக்குப் போனாரு' என்பார், அவ்வளவுதான். நெற்றியில் பொட்டு இருக்கிறது. யாரும் அதைப் பற்றிக் கேட்பதுமில்லை. இவரிடம் போய் சத்தியத் தாளைப் பற்றி எப்படிச் சொல்வது?

"நான் சொல்ல மாட்டேங்க" என்றாள் ரேவதி, கிணற்றடியில். "நாலு வருசமா சிற்பக்கூடத்துல வேலைல இருந்தேன், ஒங்களோட வரணும்னு வுட்டுட்டேன். அதுக்கு அழல. இத எங்கம்மா கிட்ட சொல்லணும்னு நெனச்சாலே அழுவ வருது. நீங்களே சொல்லுங்க."

மறுநாள் செங்கல்பட்டில் ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். போகும்போதே ஒரு கூத்து. சாலையோரம் நின்ற பஸ்ஸில் இடம் இருக்கிறதே என்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தார்கள், அதுகூட எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அண்ணாத்த, எந்த ஷிஃப்ட் நீ?"

அது மறைமலைநகர்த் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ். செங்கல்பட்டுக்குப் போகவேண்டும் என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தார்கள், ஆனால் இறக்கிவிடவில்லை. "போற வழிதான் மச்சான், குந்து" என்றார் ஒருவர். எங்கள் ஊரில் கம்பெனி பஸ்ஸில் தெரியாமல் ஏறினால் அடுத்த நிமிடம் காவலாளி வந்துவிடுவார். இங்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு கை புளிச்சோறு கொடுத்தார்கள். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். "இன்னாத்துக்கு அலையற? நீ இங்கியே வந்து செட்டில் ஆயிடு" என்றார் ஷிஃப்ட் கேட்டவர். அதையும் விசாரித்திருக்கிறேன். கல்யாணத்தைப் பதிந்து இரண்டு வருடமாவது ஆக வேண்டுமாம், அதற்குப் பிறகுதான் எனக்கு இங்கே வெளிநாட்டுக் குடியுரிமை அட்டை கேட்க முடியுமாம். ஆளைப் பார்த்தால் இந்த பஸ்ஸில் இருக்கிற எல்லோரையும் போலத்தான் இருக்கிறேன், ஆனால் காகிதத்தில் நான் அந்நியன்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஃபோன் உறை விற்கிற கடை இருந்தது. ஸ்டூடியோ மதுராந்தகத்துக்குப் போய்விட்டதாம். வெயிலில் அலைந்த கோபத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரி வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். அத்தையின் பேரில் நானே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால் முத்திரை போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க நேர்ல வரணும் சார். நான் கேப்பேன், அவங்க வாயால சொல்லணும். அப்புறம்தான் என் கையெழுத்து."

அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த நாள் ரயிலில் மதுராந்தகம். ஏரியைத் தாண்டிக் கடைத்தெருவில், நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தேன். ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். ஆல்பம் மலேசியா வரை போன கதையை வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். டீ வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"ஒரிஜினல் எதுக்கு சார்? ஒரிஜினல்ல ஒண்ணுமே இல்லியே."

"அந்த ஒண்ணுமில்லாததுதான் வேணும்."

"நான் எவ்ளோ கஷ்டப்பட்டு சேத்தேன் தெரியுமா? அந்தம்மா கிட்ட இருந்தது அவரு ஓட்டர் கார்டு போட்டோ ஒண்ணுதான். பாதி அழிஞ்சி போயிருந்திச்சி. மூஞ்சிய அதுலேர்ந்து எடுத்து கலர் ஏத்துனேன். ஒடம்பு இந்த ஊரு ரைஸ்மில்காரருது. ஒங்க கல்யாணத்துக்கு முந்தின தையில அவரு பையன் கல்யாணம், நான்தான் போட்டோ. நல்ல ஒடம்பு சார். பட்டுச்சட்டை, வாட்ச்சி, எல்லாம் செட்டா கெடச்சிச்சி."

இத்தனை நாள் நான் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கழுத்துக்குக் கீழே மதுராந்தகத்து அரிசி ஆலைக்காரர் என்று தெரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகித் தேடினார். நடுவில் ஒரு காதுகுத்துக் குடும்பம் வந்து படம் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் எங்கள் முகம் திரையில் வந்தது.

பனிமலை இல்லை. பின்னால் சமையல் அண்டா, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கொட்டாவி விடுகிற ஒரு மாமா, அவர் காலடியில் ஒரு நாய். நானும் ரேவதியும் மாலையோடு. எங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு அப்பால் அத்தை. அவருடைய வலது கை முழங்கையில் மடிந்து, எதையும் பிடிக்காமல், காற்றில் நிற்கிறது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு இந்த ஸ்டூடியோக்காரர் 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இன்னும் கொஞ்சம்' என்று கத்திக்கொண்டே இருந்தார். வெளிச்சத்துக்காக என்று நினைத்துத் தள்ளித் தள்ளி நின்றேன். நான் தள்ளி நின்ற ஒவ்வொரு அடியும் மாமனாருக்காக. அத்தையும் ரேவதியும் அதைத் தெரிந்தேதான் நின்றிருக்கிறார்கள். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"அந்தம்மாதான் கேட்டாங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர், திரையைப் பார்த்தபடி. "கைய எப்டி வெச்சிக்கணும்னு. நான்தான் காட்டுனேன். புடிச்சிக்கினு நிக்கற மாறி நில்லும்மான்னு."

படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் எதிரே இருந்தவர்கள் தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் உறையைத் திறக்கவே இல்லை.

சாயந்திரம் அத்தை மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக் கவிழ்த்தார். ரேவதி என்னைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் படத்தை எடுத்து அத்தையிடம் கொடுத்தேன்.

முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போய் நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் கை இப்டியா இருந்திச்சி?" என்றார்.

படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அவங்க இன்னா கேக்கறாங்க மாப்ள?"

சொன்னேன். வக்கீலம்மா முன்னால் போய், படத்தில் இருப்பவர் உயிரோடு இல்லை என்று சொல்லிக் கையெழுத்து போடவேண்டும் என்று சொன்னேன். சொல்லாவிட்டால் ரேவதிக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். சொல்லிவிட்டு என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஒரு நல்ல படத்தைக் கொடுத்ததால் வந்த வினை.

அத்தை படத்தை உறைக்குள் போட்டார். "காலைல கடக்கரைக்குப் போவல. கூப்புடுங்க, வரேன்" என்றார். இரவு எனக்கு வஞ்சரம் வறுத்துப் போட்டார், அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வக்கீலம்மா இரண்டு படங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பனிமலையும் மாமனாரும். இன்னொன்றில் அண்டாவும் நாயும்.

"இதுல இருக்கற இவரு யாரும்மா?"

"என் வூட்டுக்காரரு."

"உயிரோட இருக்காரா?"

"கடலுக்குப் போனாரு."

வக்கீலம்மா பேனாவை நிறுத்தினார். அவர் கெட்டவரல்ல. "அப்படி எழுதுனா அந்த ஊர்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. போனாருன்னா திரும்பி வருவாருன்னு ஆயிடும்."

வெளியே யாரோ யாரையோ ஜாமீனுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேவதி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அத்தை கையை நகர்த்திக்கொண்டார்.

"செத்துட்டாரு. எழுதிக்கோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பொண்ணு போவணும்" என்று சேர்த்துச் சொன்னார்.

வக்கீலம்மா எழுதியதைப் படித்துக் காட்டினார். அத்தை எழுத்துக்கூட்டிக் கையெழுத்து போட்டார். முத்திரை சத்தத்தோடு விழுந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அவள் வாயாலேயே விதவையாக்கியிருக்கிறேன், அதுவும் இன்னொரு நாட்டில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவருக்காக. அந்த அதிகாரியம்மாவையும் குறை சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

வெளியே வந்ததும் அத்தை வேப்பமரத்தடியில் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். "பசிக்கிது" என்றார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டோம். அவர் ஒரு தட்டை முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மாப்ள, அந்த ஊர்ல மீனு எப்டி? ஐஸ்ல போட்டதா?"

"ஐஸ்லதான் அத்தை. ஆனா நல்லாருக்கும்."

"ஐஸ்ல போட்டா எப்டி நல்லாருக்கும்?" என்றார். பஸ்ஸில் வரும்போது பெண்ணின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

கிளம்புகிற அன்று பையில் தாளும் மூலப்படமும் இருந்தன. கூடவே ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. கருவாட்டைச் சுங்கத்தில் விடுவார்களா என்று தெரியவில்லை. கோப்பு நகருமா என்றும் தெரியவில்லை. குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் வழியனுப்ப வந்தார்கள். ஒருவர் படூரில் ஓர் ஏஜென்ட் இருக்கிறார், அவரிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார் என்றார். ஏஜென்ட் பக்கமே போகாதே என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

வீட்டுச் சுவரில் பெரிய படம் அப்படியேதான் இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று ரேவதி கேட்டிருக்கிறாள். "இது எம் வூடும்மா, ஆபீஸ் இல்ல. இருக்கட்டும்" என்றாராம் அத்தை.

ஆட்டோ வந்தது. ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் ரேவதி, புதிதாக, யாரும் கைவைக்காத படம். ஆட்டோக்காரரிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டு மணலில் போய் நின்றோம். நானும் ரேவதியும் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். நான் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை, ரேவதியும் அப்படித்தான். ஆனால் எங்களுக்கும் அத்தைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தோம்.

அத்தை குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாத்துக்கு எடம் வுட்டுக்கினு நிக்கறீங்க? கிட்ட வாங்க. அப்பால அந்த ஆபீசரம்மா மறுபடியும் கேள்வி கேக்கும்."

நெருங்கி நின்றோம். அவருடைய தோள் என் கையில் இடித்தது, உறுதியாக, சூடாக. ஆட்டோக்காரர் ஃபோனைச் சாய்த்துப் பிடித்து, சிரிக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் கடல் மட்டும் இருந்தது.